ஆடிச் சீராக வந்த பிளாஸ்மா கட்டர்

17 ஜூலை 2024, புதன்கிழமை, ஆடி 1

இன்று காலை கார் கொட்டகைக்குள் நுழைந்தேன். நுழைந்திருக்கக் கூடாது. வானிலை ஆய்வுக்கூடத்தில் வாழ்நாளெல்லாம் வெள்ளைச் சட்டையோடு மழை அளந்தவன் வீட்டில், தரையெங்கும் எண்ணெயும் இரும்புத்தூளும் குழைந்து கிடக்கின்றன. செருப்பு ஒட்டிக்கொண்டது. பிடுங்கியபோது வந்த ஓசை இன்னும் காதில் இருக்கிறது.

மருமகள் வாணி கட்டிவரும் மேசை ஏறத்தாழ முடிந்துவிட்டது. நான்கடிக்கு நான்கடி. மேலே இரு தண்டவாளங்கள், அவற்றின்மீது ஒரு பாலம், பாலத்தின்மீது ஓடும் சிறு வண்டி. கணினியில் அவள் வரைவதை மோட்டார்கள் அப்படியே மேசைமேல் நடத்திக் காட்டுகின்றன. இப்போதைக்கு அந்த வண்டியில் ஸ்கெட்ச் பேனாவைக் கட்டிச் செய்தித்தாளின்மேல் மயில் வரைகிறாள். தோகை கூடுதல், கழுத்து குறைவு. கடலூரின் இரும்புக் கேட் செய்யும் பட்டறைக்காரர்கள் இந்த விகாரத்தைத்தான் விரும்பிக் கேட்கிறார்களாம். பேனா இருக்குமிடத்தில், இரும்புத் தகட்டை மின்பொறியால் அறுக்கும் பிளாஸ்மா கட்டரின் முனை வரவேண்டும். அது வந்துவிட்டால் தொழில் தொடங்கிவிடலாம் என்கிறாள். பாலிடெக்னிக்கில் அவளுடைய ஒப்பந்த வேலை ஏப்ரலோடு முடிந்துவிட்டது.

"ஆடியில எதுவும் வாங்கக் கூடாதுன்னு எங்கண்ணன் சொல்றாரு மாமா."

"ஆடிக்கும் மின்சாரத்துக்கும் என்ன தொடர்பு?"

"அப்ப வாங்கலாங்கறீங்க."

"நான் அப்படிச் சொல்லவில்லை."

சொன்னதாகவே எடுத்துக்கொண்டாள்.

20 ஜூலை 2024, சனிக்கிழமை, ஆடி 4

புதுச்சேரிக்குப் பேருந்தில் சென்று வந்தோம். வெல்டிங் கருவிகள் விற்கும் கடையின் வாசலில், பட்டுப்புடவை கட்டிய ஒரு பெண் கைகூப்பி நிற்கும் படத்தோடு 'ஆடித் தள்ளுபடி' என்று பதாகை. அந்தப் பெண்ணுக்கும் இரும்பு வெட்டுவதற்கும் உள்ள உறவு எனக்கு விளங்கவில்லை. உள்ளே எச்சில் தேநீர்க் கோப்பைகள் கருவிகளின் தலைமேல் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. விற்பனையாளர் என்னிடமே பேசினார். கேள்வி கேட்டவள் வாணி.

"இது பைலட் ஆர்க் எப்படி ஸ்டார்ட் ஆகுது? ஹெச்.எஃப்-ஆ, ப்ளோபேக்கா?"

"சூப்பரா ஸ்டார்ட் ஆகும் சார். பட்டன அமுக்கினா போதும்."

"அது தெரியுது. உள்ள எப்படின்னு கேக்கறேன்."

"உள்ளயும் சூப்பர் சார்."

எதுவும் வாங்காமல் திரும்பும் வழியில் வாணி விளக்கினாள். முனையில் முதல் பொறியை உண்டாக்க இரண்டு முறைகள் உண்டாம். ஒன்று, அதிவேக அதிர்வுள்ள உயர் மின்னழுத்தத்தைப் பாய்ச்சி இடைவெளியைத் தாண்டவைப்பது, அதைத்தான் ஹெச்.எஃப். என்கிறார்கள். மலிவு. ஆனால் அந்த அதிர்வு சுற்றுப்புறமெங்கும் வானொலி அலைபோலப் பரவி, பக்கத்திலிருக்கும் கணினியைப் புத்தி பேதலிக்கச் செய்யும். மற்றொன்று, முனைக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும் இரு பாகங்களைக் காற்றழுத்தத்தால் விலக்கி, விலகும் நொடியில் பொறி பிறக்கச் செய்வது. அது ப்ளோபேக். விலை கூடுதல், தொல்லை குறைவு. கணினி ஓட்டும் மேசைக்கு அதுவே ஏற்றது.

இதையெல்லாம் இவ்வளவு விரிவாக எழுதக் காரணம், முன்னிருக்கைக்காரர் வழியெல்லாம் சன்னல் வழியே வாந்தி எடுத்ததால் நான் அவள் பேச்சையே உற்றுக் கேட்க வேண்டியதாயிற்று என்பதுதான்.

24 ஜூலை 2024, புதன்கிழமை, ஆடி 8

வாணியின் அண்ணன் செங்குட்டுவன் ஓசூரில் கிரில் பட்டறை வைத்திருக்கிறார். வாரந்தோறும் தொலைபேசியில் அழைத்து ஒரே பாட்டைப் பாடுகிறார். அவர் குரல் அடுத்த தெருவரை கேட்கக் கூடியது, நான் ஒட்டுக்கேட்கவில்லை.

"என் ஷெட்டுல பாதி சும்மா கெடக்குது. மூணு பேஸ் கரண்டு இருக்குது. மேசையத் தூக்கிக்கிட்டு வந்துடு. அந்த வீட்டுல நீ யாருக்காக இருக்கே?"

வாணி என்ன பதில் சொன்னாள் என்பது தெரியாது. அவள் மெல்லப் பேசுபவள்.

'அவன்' மஸ்கட்டில் இன்னொரு குடும்பம் நடத்திக்கொண்டு, இவளை இங்கே விட்டுப்போய் மூன்றாண்டுகளாகின்றன. அவனைப் பெற்றவன் என்ற முறையில் எனக்கு உண்டாகும் குமட்டலை இங்கே எழுதுவதில்லை என்று முன்பே முடிவு செய்திருக்கிறேன். எனவே செங்குட்டுவனின் கேள்வி நியாயமானதே. அதற்கு விடை சொல்ல வேண்டியவன் நானல்லன்.

இன்று ரசத்தில் உப்பு இல்லை.

3 ஆகஸ்ட் 2024, சனிக்கிழமை, ஆடி 18

ஆடிப்பெருக்கு. காலை ஒன்பது மணிக்குச் செங்குட்டுவன் முன்னறிவிப்பின்றி வேனில் வந்திறங்கினார். ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், மஞ்சள், குங்குமம். இன்னொரு தட்டில் புடவையும் நெய் அதிரசமும். மூன்றாவது, தட்டில் அடங்காமல் மணைப்பலகையில் சிவப்புத் துணி விரித்து அதன்மேல் வீற்றிருந்தது: ஒரு பிளாஸ்மா கட்டர். நான்கு மூலைகளிலும் சந்தனப் பொட்டு. காற்று போகும் துளைகளிலும் சந்தனம்.

"ஆடிச் சீரு மாமா. கல்யாணம் ஆன மொத ஆடியில எங்களால வெக்க முடியல. அப்பா தவறின வருஷம். அம்மாவுக்கு அந்தக் கொற இன்னிக்கும் இருக்குது. அதான் வெச்சுட்டேன்."

"திருமணமாகிப் பதினோராண்டுகள் கழித்தா?"

"சீருக்கு ஏது மாமா எக்ஸ்பயரி டேட்டு?"

தம் நகைச்சுவைக்குத் தாமே நெடுநேரம் சிரித்தார். வாணி குனிந்து கருவியின் பின்புறத்தைப் பார்த்தாள்.

"இது ஹெச்.எஃப். ஸ்டார்ட்டாண்ணா?"

"ஆமா. எங்க பட்டறையில எல்லாம் இதான். கையில புடிச்சு இழுத்தா வெண்ணெய் கணக்கா வெட்டும். ஏன், ஆவாதா?"

அவள் முகத்தில் ஒரு கணம் ஏதோ வந்து போனது. "ரொம்ப நல்லாருக்குண்ணா" என்றாள்.

வேறென்ன சொல்வாள்? பிறந்த வீட்டிலிருந்து மணையில் வைத்து வந்த சீரை வேண்டாமென்பது அண்ணனையே வேண்டாமென்பதாகும். ஒரு மின்கருவியை மஞ்சள் குங்குமத்தோடு கொண்டுவந்து, அதைப் பற்றி யாரும் வாய்திறக்க முடியாதபடி செய்துவிடும் இந்த வழக்கத்தை என்னவென்பது! புறப்படும்போது செங்குட்டுவன் சொன்னதும் காதில் விழுந்தது: "இங்க ஒத்து வரலன்னா இதையும் மேசையையும் எடுத்துக்கிட்டு ஓசூர் வந்துடு. ஒரு போன் போடு, லாரி அனுப்பறேன்."

மாலையில் பழைய பல்துலக்கியால் துளைகளிலிருந்த சந்தனத்தைச் சுரண்டினேன். சுரண்டச் சுரண்ட வந்தது.

4 ஆகஸ்ட் 2024, ஞாயிற்றுக்கிழமை, ஆடி 19

வாணி விடியலிலேயே கொட்டகை ஓரம் தரையில் செம்புக்கம்பி அடித்து எர்த் கொடுத்தாள். கணினியை இரும்புப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். ஒயர்களுக்கெல்லாம் உலோக வலை போர்த்தினாள். அதிர்வு கணினியைத் தாக்காமலிருக்க இத்தனை ஏற்பாடு. பிறகு கருப்புக் கண்ணாடி அணிந்து விசையை அழுத்தினாள். நான் மேசையருகே, அவளுக்கு எதிர்ப்புறம் நின்றிருந்தேன்.

துணி கிழிபடும் ஓசை, நீல வெளிச்சம், அடியிலிருந்து சாக்கடைப் புகை. வெட்டிய விளிம்பெல்லாம் கசடு, கருகிய தோசையின் ஓரம்போல. ஆனால் கணினி குழம்பவில்லை. "பாத்தீங்களா மாமா, மோட்டார் ஒரு ஸ்டெப்புகூடத் தப்பல!" என்று அவள் கத்தினாள்.

அப்போது எனக்குத் தலை சற்றுச் சுழன்றது. மேசைக்காலைப் பற்றிக்கொண்டேன். உடனே சரியாகிவிட்டது. நெய் அதிரசம் இரண்டு தின்றதே காரணம். ஓசூர் நெய்யின் தரம் அப்படி.

5 ஆகஸ்ட் 2024, திங்கட்கிழமை, ஆடி 20

அதிரசம் தின்னவில்லை. மீண்டும் தலை சுழன்றது.

7 ஆகஸ்ட் 2024, புதன்கிழமை, ஆடி 22

என் நெஞ்சில் இரண்டாண்டுகளுக்கு முன் பொருத்திய பேஸ்மேக்கரை ஆறு திங்களுக்கொருமுறை சோதிக்க வேண்டும். வழக்கமாக வாணி உடன் வருவாள். இன்று அவளுக்குத் தகடு வெட்டும் வேலை இருந்ததால் தனியே சென்றேன். காத்திருக்கும் கூடத்தில் ஒருவர் கால் நகத்தை வெட்டிக்கொண்டிருந்தார். துண்டுகள் தெறித்தன.

சோதிக்கும் பெண் நெஞ்சின்மேல் ஒரு கருவியை வைத்துத் திரையைப் பார்த்தாள்.

"சார், நாலாம் தேதி ஞாயித்துக்கிழமை காலைல பதினோரு மணி வாக்குல எங்க இருந்தீங்க? மறுநாளும் அப்பிடித்தான் காட்டுது."

என் நெஞ்சுக்குள் இருப்பது என்னைவிடத் துல்லியமாக நாட்குறிப்பு எழுதுகிறது என்பதை இன்றுதான் அறிந்தேன். அதைவிட மோசம், அது பொய் எழுதுவதில்லை.

"வெளியிலேருந்து ஏதோ கரண்டு சத்தம் உள்ள பூந்திருக்கு. அந்தச் சத்தத்தையே உங்க இதயத்துடிப்புன்னு நெனச்சிட்டு, சரி, தானாவே துடிக்குதேன்னு மெஷின் சும்மா இருந்துடுச்சு. மயக்கம் வந்துச்சா?"

"இல்லை."

"வெல்டிங் மாதிரி ஏதாச்சும் பக்கத்துல நடந்துச்சா?"

"அண்டை வீட்டில்" என்றேன்.

மருத்துவரும் வந்து பார்த்தார். அப்படிப்பட்ட கருவி ஓடும்போது அந்த வீட்டுப் பக்கமே போகக் கூடாது, நின்றது நின்றதாகவே இருந்துவிடக் கூடும் என்று கடுமையாகச் சொன்னார். 'நின்றது' என்று எதைச் சொன்னார் என நான் கேட்கவில்லை.

எல்லாம் சரியாக இருப்பதாக வாணியிடம் தெரிவித்தேன். உண்மையைச் சொன்னால் இரண்டிலொன்று நடக்கும். சீரை மறுத்து, இருக்கும் ஒரே அண்ணனையும் பகைத்துக்கொள்வாள். அல்லது மேசையோடு ஓசூர் செல்வாள். முதலாவது முறையன்று. இரண்டாவதைப் பற்றி எனக்குக் கருத்து ஏதுமில்லை.

10 ஆகஸ்ட் 2024, சனிக்கிழமை, ஆடி 25

அவள் விசையைப் போடும் முன்பே வெளியேறிவிடுவதென்று வைத்துக்கொண்டிருக்கிறேன். நேற்று நூலகம். நாளிதழின் பக்கங்களை எச்சில் தொட்டுப் புரட்டும் கூட்டத்தில் ஒரு முற்பகல். இன்று வெள்ளிக் கடற்கரை. மணலில் மீன்குடல், சோளக்கட்டை, ஒற்றைச் செருப்புகள். நண்பகல்வரை வெயிலில் உட்கார்ந்திருந்தேன். ஒரு நாய் என் அருகில் வந்து, முகர்ந்து பார்த்து, அதுவும் போய்விட்டது.

12 ஆகஸ்ட் 2024, திங்கட்கிழமை, ஆடி 27

மழை. குடையோடு சென்றேன். வாணி கொட்டகை வாசலில் நின்று நான் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

13 ஆகஸ்ட் 2024, செவ்வாய்க்கிழமை, ஆடி 28

இட்லியை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்தால் ஏதோ இருக்கிறதென்று பொருள்.

"மாமா, நான் சுவிட்ச் போட்டா நீங்க செருப்பு போடறீங்க."

"புகை."

"புகை அடங்கறதுக்குத்தான் மேசைக்கடியில தண்ணித்தொட்டி வெச்சேன்."

"நாற்றம்."

"மொத நாள் எதிர்லயே நின்னீங்களே, அன்னிக்கு நாறலையா?"

நான் சட்னியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தேங்காய் அரைபடவில்லை.

"புடிக்கலைன்னா நேரா சொல்லிடுங்க மாமா. இது உங்க வீடு. நீங்க இப்படி மழையில குடையைப் புடிச்சிக்கிட்டு ஓடறதப் பாக்க எனக்கு அசிங்கமா இருக்கு. உங்க புள்ளை போனப்பறம் நான் இங்க இருந்ததுக்கு ஒரே காரணம், நீங்க என்னைப் போன்னும் சொல்லல, இருன்னும் சொல்லல. அதுவே மரியாதையா இருந்துச்சு."

"இப்போதும் நான் ஒன்றும் சொல்லவில்லையே."

"அதான் மாமா" என்று எழுந்து போனாள்.

15 ஆகஸ்ட் 2024, வியாழக்கிழமை, ஆடி 30

தெருவெங்கும் பிளாஸ்டிக் கொடிகள். மாலைக்குள் அத்தனையும் சாக்கடையில் மிதந்தன.

வாணி அண்ணனுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டாள். நாளை மறுநாள் ஆவணி முதல் நாள் லாரி வருகிறது. மேசை, கட்டர், கணினி, அவள். என்னிடம் இதைச் சொன்னபோது, நல்ல ஏற்பாடு என்றேன். ஓசூரில் மும்முனை மின்சாரம் இருக்கிறது. ஈரப்பதமும் இங்கே இருப்பதைவிடக் குறைவு. கட்டருக்குள் அழுத்திச் செலுத்தும் காற்று உலர்ந்திருக்கும், முனை சீக்கிரம் தேயாது. இவை யாவும் உண்மைகளே. கொட்டகை காலியானதும் நன்றாகக் கழுவிவிடச் சொல்ல வேண்டும்.

பகலுணவு உண்ணவில்லை. கொடிகளைப் பார்த்த அருவருப்பு.

16 ஆகஸ்ட் 2024, வெள்ளிக்கிழமை, ஆடி 31

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் கொட்டகையில் ஸ்பானர் சத்தம். வாணி மேசையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். தண்டவாளத்தின் திருகாணிகளையும் பாலத்தின் திருகாணிகளையும் ஒரே பால் டப்பாவில் போட்டிருந்தாள். இரண்டும் வெவ்வேறு அளவு. இதைவிட அலங்கோலமான வேலையை நான் கண்டதில்லை. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"நீ ஏன் போறே?"

வாயிலிருந்து வந்தது இதுதான். அவள் ஸ்பானரைக் கீழே வைத்தாள்.

"உங்களுக்கு ஆகலையே மாமா."

"எனக்கு அந்த மெஷின்தான் ஆகாது! நீ ஆகாதுன்னு எவன் சொன்னான்?"

நான் இவ்விதம் கொச்சையாகப் பேசி ஐம்பதாண்டுகளாவது இருக்கும். அதோடு நிற்காமல், நெஞ்சை விரலால் குத்திக்காட்டி, அந்தப் பெண் திரையில் கண்டதையும் மருத்துவர் சொன்னதையும், அண்டை வீடென்று நான் புளுகியதையும் சொல்லித் தொலைத்தேன். வாணி எண்ணெய்த் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"கம்ப்யூட்டருக்கு எர்த் அடிச்சேன். பெட்டி போட்டு மூடினேன். ஒயருக்கெல்லாம் வலை போத்தினேன். எதிர்ல நின்ன மனுஷன் நெஞ்சுக்குள்ளயும் ஒரு மெஷின் இருக்குன்னு எனக்குத் தோணவே இல்லையே மாமா."

"தோன்றாதது இயல்பு."

"நீங்க சும்மா இருங்க! ஒரு வாரத்துக்கு மேல தெரிஞ்சு வெச்சுக்கிட்டு... விழுந்திருந்தா? கடற்கரையில நாயா பேயா சுத்தினதுக்குப் பதில் ஒரு வார்த்தை சொல்ல வாய் இல்லையா?"

"சொன்னால் நீ போய்விடுவாய்."

"சொல்லாததாலதான் கெளம்பினேன்!"

அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பிரித்தறிய முடியவில்லை. மூக்கைப் புறங்கையால் துடைத்தாள். இரும்புத்தூள் முகமெங்கும் அப்பிக்கொண்டது. பார்க்கச் சகிக்கவில்லை. என் கைக்குட்டையைக் கொடுத்தேன், அதுவும் பாழாயிற்று.

பிறகு அவள் கேட்டாள்: "அண்ணன்கிட்ட என்ன சொல்றது? சீரைத் திருப்பினா அம்மா முகத்துலயே முழிக்க முடியாது."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

17 ஆகஸ்ட் 2024, சனிக்கிழமை, ஆவணி 1

காலையிலேயே கடைக்குச் சென்று வெற்றிலை பாக்கும் வாழைப்பழமும் வாங்கினேன். வெற்றிலையில் பாதி அழுகல். நின்று மாற்றி வாங்கினேன். செங்குட்டுவனுக்கு ஒரு வேட்டி, அவர் மனைவிக்கு ஒரு புடவை. அதே மணைப்பலகையில் அதே கட்டரை ஏற்றி, நான்கு மூலைகளிலும் மீண்டும் சந்தனப் பொட்டு வைத்தேன். என் கையாலேயே. துளைகளில் மட்டும் வைக்கவில்லை.

லாரியோடு வந்த செங்குட்டுவன் திகைத்து நின்றார்.

"என்ன மாமா இது?"

"எதிர்ச்சீர். உங்கள் வீட்டுச் சீரைப் பெற்றுக்கொண்டோம்; இரண்டு வாரம் பயன்படுத்தி மகிழ்ந்தோம். எங்கள் வீட்டுச் சார்பில் உங்கள் பட்டறைக்கு நாங்கள் செய்வது இது. மறுக்கக் கூடாது."

"நான் கொடுத்ததையே எனக்கு வெக்கறீங்களா? கேலியா மாமா? சீரைத் திருப்பறதுக்கு இப்படியொரு வழியா?" கழுத்து நரம்பு புடைத்தது. லாரிக்காரர் இறங்கி வேடிக்கை பார்க்கத் தொடங்கினார்.

வாணி குறுக்கே வந்து, மருத்துவர் சொன்னதைச் சொன்னாள். செங்குட்டுவன் என் சட்டைப்பையையே உற்றுப் பார்த்தார், கருவி அங்கேதான் இருப்பதுபோல. பிறகு "அடப்பாவி மாமா" என்றார். ஒரு சம்பந்தியை விளிக்கும் முறை இதுவன்று. நான் பொருட்படுத்தவில்லை.

"அப்ப நீயாச்சும் கெளம்பும்மா. லாரி வந்துடுச்சு."

"இல்லண்ணா. வேற மெஷின் பாத்துக்கறேன். அன்னிக்கே நெனச்சேன், ப்ளோபேக்தான் வாங்கணும்னு."

"கேட்டேனே, நீ யாருக்காக இங்க இருக்கேன்னு?"

"இதோ நிக்கறாரே, வெத்தலை வாங்கக் கடைக்காரன்கிட்ட காலங்காத்தால சண்டை போட்டுட்டு வந்து."

செங்குட்டுவன் குனிந்து மணையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வேட்டியை அங்கேயே பிரித்துக் கரை பார்த்தார். "சின்னக் கரை" என்று குறை சொன்னார். சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். மூன்று முறை சாதம் கேட்டார். மோரைக் கையில் வாங்கி உறிஞ்சினார். லாரியில் அந்தப் பெட்டி ஒன்று மட்டும், சிவப்புத் துணியோடு, ஆடி ஆடிச் சென்றது.

பிற்பகல் முழுவதும் பால் டப்பாவிலிருந்த திருகாணிகளை அளவுவாரியாகப் பிரித்தேன்.

15 செப்டம்பர் 2024, ஞாயிற்றுக்கிழமை, ஆவணி 30

ப்ளோபேக் கட்டர் வந்து பொருத்தியாயிற்று. வாங்குமுன் வாணி என்னோடு மருத்துவரிடம் வந்து, கருவியின் விவரம் முழுவதையும் அவரிடம் ஒப்பித்தாள். இதில் அந்த அதிர்வு கிடையாது, ஆனாலும் மின்பொறி மின்பொறிதான், பத்தடி தள்ளியே இருக்கட்டும் என்றார் அவர். இவள் பதினைந்தடி என்று வைத்துக்கொண்டாள். மேசையைக் கொட்டகையின் கடைசிச் சுவரோரம் நகர்த்தி, வாசலுக்கு வெளியே தரையில் வெள்ளைப் பெயிண்டால் குறுக்கே ஒரு கோடு போட்டிருக்கிறாள். கருவி ஓடும்போது நான் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. என் வீட்டில், என் முற்றத்தில், எனக்குக் கோடு! அதுவும் கோணல். வலப்பக்கம் நான்கு விரற்கடை ஏறியிருக்கிறது. கணினி வைத்து மேசை ஓட்டுபவள் போட்ட கோடு.

நாற்காலியைக் கோட்டுக்கு இப்பால் போட்டு உட்கார்ந்தேன். முதல் வெட்டு ஒரு வீட்டின் சன்னலுக்கு, காற்று புகத் துளைகளிட்ட தகடு. பொறி பிறந்தது, ஓடியது, நின்றது. எனக்குத் தலை சுழலவில்லை. வாணி விசையை அணைத்துவிட்டு, தகட்டை இடுக்கியில் பிடித்தபடி கோடுவரை கொண்டுவந்து நீட்டினாள்.

"எப்படி மாமா?"

"கசடு இருக்கிறது. மூலையில் கருகியிருக்கிறது."

"வேகத்தக் கூட்டணுமோ?"

"எனக்கென்ன தெரியும்? ஆனால் இது ஆகாது."

திரும்பிப் போய் வேகத்தைக் கூட்டி வெட்டினாள். கொண்டுவந்தாள். இம்முறை விளிம்பு சாய்ந்திருந்தது. சொன்னேன். போனாள். காற்றைக் குறைத்தாள். மறுபடி கொண்டுவந்தாள். பகலுணவு நேரம் தாண்டியும் இப்படியே. கடைசித் தகட்டில் குறை சொல்ல நெடுநேரம் தேட வேண்டியிருந்தது; தேடிக் கண்டுபிடித்தேன்.

வேலையின் தரம் இந்த அளவில் இருக்குமானால், நாள்தோறும் காலையில் நான் அங்கே போய் உட்கார்ந்திருப்பதைத் தவிர வேறு வழியிருப்பதாகத் தெரியவில்லை.